வெள்ளையாக விட்டிருக்க வேண்டிய இடம்

கிதுல்பொத்த தோட்டம்,
மேல்பிரிவு,
இரத்தினபுரி மாவட்டம்.
2025 ஜூலை 6

அன்புள்ள மர்லியாவுக்கு,

நாங்கள் இங்கே நலம். நீ, உம்மா, ஷிஹாப் அண்ணன், மகள் ஹிமாயா எல்லாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் வாப்பா மௌத்தானபோது வந்து போனதோடு சரி, அப்புறம் ஒரு வரி எழுதவில்லை என்று நீ குறை சொல்லலாம். நீயும் எழுதவில்லை என்று நானும் சொல்லலாம். இரண்டையும் ஒருபக்கம் வைத்துவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

மே மாதத் தேர்தலில் என்னைக் கட்சிப் பட்டியலில் இருந்து பிரதேச சபைக்குப் போட்டுவிட்டார்கள். வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளை மடுவத்தில் பதினான்கு வருடம் வேலை செய்ததில் தோட்டம் முழுக்க என்னைத் தெரியும் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. சபையில் நான் ஒருத்திதான் தமிழ்ப் பெண். சிங்களம் பேசுவதில் எனக்குச் சிரமமில்லை, உனக்குத் தெரியும். சிரமம் வேறு இடத்தில்.

போன கூட்டத்தில் ஆளுக்கொரு கோப்பு கொடுத்தார்கள். உள்ளே ஐந்து படங்கள். ஐந்திலும் எங்கள் சபைப் பகுதியின் அதே உருவம். ஒன்றில் மஞ்சளிலிருந்து சிவப்பு வரை நிறம். ஒன்றில் புள்ளி. ஒன்றில் வளைந்து வளைந்து போகிற கோடுகள். ஒன்றில் சின்னதும் பெரிதுமாக வட்டங்கள். ஒன்றில் அம்புகள். மேலே 'கருப்பொருட் படங்கள்' என்று போட்டிருக்கிறது. மண்சரிவுக்குப் பயந்து எந்தெந்த ஊர்க் குடும்பங்களை முதலில் வேறு இடத்துக்கு மாற்றுவது என்று செப்டெம்பரில் இதைப் பார்த்துத்தான் முடிவு செய்யப் போகிறோமாம். என் பக்கத்தில் இருந்த உறுப்பினர் படத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். அவருக்குச் சொல்லலாம் என்று திரும்பினால், நானும் அப்படித்தான் பிடித்திருக்கிறேன்.

பல்கலைக்கழகம் போய்ப் புவியியல் படித்தவள் நீ. வேறு யாரிடம் கேட்டாலும் சிரிப்பார்கள். நீ சிரிக்க மாட்டாய். போனில் வேண்டாம். இங்கே தொழிற்சாலை மேட்டில் ஏறி நின்றால்தான் பேச முடியும், பேசினாலும் எனக்கு மனதில் நிற்காது. கடிதமாக எழுது. கோப்போடு வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் படிப்பேன்.

அன்புடன்,
சுஜீதா

◆

கேகாலை.
2025 ஜூலை 14

என் சுஜிக்கு,

உன் கடிதத்தை உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். நம் வகுப்பில் வாய் திறக்காமல் இருந்த பிள்ளையா சபைக்குப் போயிருக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். அவருடைய துஆ உனக்கு எப்போதும் உண்டு.

சாதாரண வரைபடம் எது எங்கே இருக்கிறது என்று சொல்லும். ஆறு இங்கே, பள்ளிக்கூடம் அங்கே. கருப்பொருட் படம் அப்படியல்ல. ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு, அது எங்கே அதிகம், எங்கே குறைவு என்று மட்டும் சொல்லும். மற்றதையெல்லாம் விட்டுவிடும். அதனால் எந்தப் படத்தைக் கையில் எடுத்தாலும் முதலில் மூலையில் இருக்கும் குறிவிளக்கத்தைப் படி. எதை எண்ணியிருக்கிறார்கள், எப்போது எண்ணினார்கள் என்று பார். அதற்குப் பிறகுதான் படம்.

புள்ளிப் படம் ஆட்களைக் காட்டுவது. ஒரு புள்ளிக்கு ஐம்பது பேர் என்று போட்டிருக்கும். புள்ளி நெருக்கமாக இருந்தால் ஜனம் நெருக்கம். ஆனால் அந்தப் புள்ளி விழுந்த இடத்திலேயே ஐம்பது பேரும் நிற்கிறார்கள் என்று நினைத்துவிடாதே, பக்கத்தில் எங்கோ இருக்கிறார்கள், அவ்வளவுதான்.

கோட்டுப் படம் மழை. ஒரே அளவு மழை பெய்கிற இடங்களைத் தொட்டுத் தொட்டு இழுத்த கோடு அது. கோடுகள் ஒட்டி ஒட்டி இருந்தால் கொஞ்ச தூரத்துக்குள்ளே மழை சட்டென்று மாறுகிறது என்று அர்த்தம். கலவானையில் நனைந்த உடுப்போடு பஸ் ஏறி எம்பிலிப்பிட்டியவில் இறங்கும்போது காய்ந்திருக்குமே, அந்தப் பயணத்தில் இப்படி எத்தனையோ கோடுகளைக் கடந்திருக்கிறாய்.

வட்டம் பெரிதாக இருந்தால் எண்ணிக்கை பெரிது. இங்கேதான் கண் ஏமாறும். வட்டத்தின் அகலத்தைப் பார்க்காதே, அது அடைத்துக்கொள்கிற இடத்தைப் பார். அம்புப் படம் போக்குவரவு. எங்கிருந்து எங்கே எத்தனை பேர் வேலைக்குப் போகிறார்கள் என்பது. தடித்த அம்பு என்றால் நிறையப் பேர். உங்கள் தோட்டத்துப் பெண் பிள்ளைகள் கொழும்புப் பக்கம் தையல் வேலைக்குப் போவதும் அதில் ஒரு அம்பாக இருக்கும்.

கடைசியாக நிறப் படம். பிரதேசத்தைப் பிரிவு பிரிவாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவிலும் சுவர் வெடித்த வீடு, பின்னால் மண் இறங்கிய வீடு நூற்றுக்கு எத்தனை என்று பார்த்து நிறம் போடுவார்கள். சிவப்பு அதிகம். மஞ்சள் குறைவு. ஒரு பிரிவுக்கு ஒரே நிறம்தான் வரும்.

பயப்படாதே. கூட்டத்தில் கேள்வி கேள். மற்றவர்களுக்கும் தெரியாது, நீ கேட்டால் அவர்களும் கேட்டுக்கொள்வார்கள்.

இறைவன் உன்னைக் காக்கட்டும்.
மர்லியா

◆

கிதுல்பொத்த.
2025 ஆகஸ்ட் 10

அன்புள்ள மர்லியா,

உன் கடிதத்தைப் படித்துப் படித்து மடிப்பில் கிழிந்துவிட்டது, பசை போட்டு ஒட்டியிருக்கிறேன். போன கூட்டத்தில் எழுந்து, மழைக் கோடுகள் எந்த வருடத்துக் கணக்கு என்று கேட்டேன். சபைத் தவிசாளர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடினார். பிறகு தொழில்நுட்ப உத்தியோகத்தரைக் கூப்பிட்டார். அன்றைக்கு எல்லாரும் குறிவிளக்கத்தைப் படித்தார்கள். கூட்டம் முடிந்து வரும்போது ஒரு வயதான உறுப்பினர் என்னிடம், "நோனா, அந்த வட்டத்தை இன்னொரு தடவை சொல்லுங்க" என்று சிங்களத்தில் கேட்டார். படிக்கட்டில் நின்று சொல்லிக்கொடுத்தேன். நீ பார்த்திருக்க வேண்டும்.

ஆனால் ஒரு விஷயம் எனக்குப் புரியவில்லை. நிறப் படத்தில் எங்கள் மேல்பிரிவு வெளிறிய மஞ்சள். எல்லாவற்றிலும் குறைந்த நிறம். இங்கே ஐந்தாம் நம்பர் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் மலையில் போன வருடம் ஒரு வெடிப்பு விட்டது. அப்போது என் கை உள்ளே போகும், இப்போது கால் போகிறது. மலை ஊற்றிலிருந்து விழும் பீலித் தண்ணீர் மழை நாளில் செம்மண் நிறத்தில் வருகிறது. பஞ்சவர்ணம் அக்காவின் குசினிச் சுவர் வெளியே தள்ளி நிற்கிறது. அவருடைய புருஷன் பாலசுப்பிரமணியம் அண்ணன் அதற்கு இரண்டு றப்பர் மரக் கட்டைகளை முட்டுக் கொடுத்திருக்கிறார்.

நீ சொன்ன முறையில் நானே ஒரு படம் போட்டேன். தேர்தல் போஸ்டர் மிச்சம் இருந்தது, அதன் பின்பக்கத்தில். லயங்களைக் கீறி, வெடிப்பு இருக்கிற வீட்டுக்கு ஒரு புள்ளி வைத்தேன். இருபத்தேழு வீட்டில் பத்தொன்பது புள்ளி விழுந்தது. அப்படியென்றால் எங்கள் நிறம் மஞ்சளாக இருக்க முடியுமா? வீடு வீடாகக் கேட்டுப் பார்த்தேன். யாரும் வந்து பார்க்கவில்லை, எதையும் எண்ணவில்லை என்கிறார்கள். பின்னே அந்த மஞ்சள் எங்கிருந்து வந்தது?

உடனே பதில் போடு. செப்டெம்பர் பதினெட்டில் வாக்கெடுப்பு.

அன்புடன்,
சுஜீதா

◆

கேகாலை.
2025 ஆகஸ்ட் 19

அன்புள்ள சுஜி,

தாமதத்துக்குக் குறை நினைக்காதே. உம்மாவுக்குச் சுகமில்லை, ஹிமாயாவுக்குப் பரீட்சை நெருங்குகிறது.

நிறப் படத்தில் இப்படி நடப்பதுண்டு. ஒரு பிரிவுக்கு ஒரே நிறம்தான் என்று எழுதியிருந்தேனே. பிரிவு பெரிதாக இருந்தால் ஒரு மூலையில் இருக்கிற கஷ்டம் சராசரியில் கரைந்துபோகும். படம் என்றால் அப்படித்தான். எல்லாவற்றையும் காட்டுகிற படம் கிடையாது.

உன் போஸ்டர் படம் நன்றாக இருக்கும், பத்திரமாக வை. எதைக் கேட்பதாக இருந்தாலும் எழுத்தில் கேள். உடம்பைப் பார்த்துக்கொள்.

மர்லியா

◆

கிதுல்பொத்த.
2025 செப்டெம்பர் 21

அன்புள்ள மர்லியா,

உம்மாவுக்கு இப்போது எப்படி? அடுத்த கடிதத்தில் முதலில் அதை எழுது.

வாக்கெடுப்பு முடிந்தது. எட்டு ஊர்களின் பெயர் பட்டியலில் ஏறியது. எங்கள் பெயர் இல்லை. நான் எழுந்து போஸ்டரைக் காட்டலாம் என்றுதான் கொண்டுபோனேன். ஆனால் நீ எழுதியிருந்தது மனதில் இருந்தது. சராசரியில் கரைந்துபோகும், படம் என்றால் அப்படித்தான் என்று. நான் கையால் கீறினதைக் காட்டி, படித்தவர்கள் போட்டதைப் பிழை என்று சொல்வதா என்று யோசித்தேன். அந்த எட்டு ஊரும் சிவப்பு. அவர்களும் பாவப்பட்ட சனம்தானே. ஆதரவாகவே வாக்களித்தேன்.

வந்து லயத்தில் சொன்னேன். பாலசுப்பிரமணியம் அண்ணன் வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். நம்ம பிரிவு மஞ்சள், கணக்குப்படி ஆபத்துக் குறைவு, அடுத்த முறை பார்ப்போம் என்று சொன்னேன். "நீங்க சொன்னா சரிதாம்மா. இத்தன நாளா எனக்கு ஒரு பயம் இருந்துச்சு, இப்ப இல்ல" என்றார். மறுநாளே முட்டுக்கட்டையில் ஒன்றை எடுத்து ஆட்டுக்கொட்டிலுக்குப் போட்டுவிட்டார்.

இன்னொன்று. அந்தப் படங்களைக் கேகாலையில் ஒரு நிறுவனம்தான் செய்து கொடுத்ததாம், உத்தியோகத்தர் சொன்னார். உன் ஊர் ஆயிற்றே, உனக்குத் தெரிந்தவர்கள் யாராவது அங்கே இருக்கிறார்களா? இருந்தால் எங்கள் மஞ்சள் எப்படி வந்தது என்று ஒரு வார்த்தை கேட்டுச் சொல். தெரிந்துகொள்ளத்தான்.

அன்புடன்,
சுஜீதா

◆

கேகாலை.
2025 ஒக்டோபர் 2

சுஜி,

உம்மா எழுந்து நடமாடுகிறார். நீ முதலில் அதை எழுதச் சொன்னாய், எழுதிவிட்டேன்.

அந்த நிறுவனத்தில்தான் நான் வேலை செய்கிறேன். நிறப் படம் நான் போட்டது.

உன் முதல் கடிதத்தில் ஐந்து படங்கள் என்று வாசித்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. நீ சிரிக்க மாட்டாய் என்று என்னைப் பற்றி எழுதியிருந்தாய். அந்த வரியைப் படித்த பிறகு, அது என் கைவேலை என்று எழுத எனக்குத் துணிச்சல் வரவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். கணக்கெடுக்கப் போன பிள்ளைகளுக்குத் தோட்டங்களுக்குள் போக அனுமதிக் கடிதம் தேவைப்பட்டது. அது வந்து சேரவில்லை. படலை வரைக்கும் போய்த் திரும்பிவிட்டார்கள். பதினொரு தோட்டப் பிரிவுகளுக்கு ஒரு எண்கூட இல்லை. அப்படி எண் இல்லாத இடத்தை வெள்ளையாக விட்டு, மேலே சாய்கோடு போட்டு, தரவு இல்லை என்று குறிவிளக்கத்தில் எழுத வேண்டும். முதலாம் வருடத்திலேயே படித்த பாடம். நானும் அப்படித்தான் போட்டுக் கொண்டுபோனேன். படத்தில் இத்தனை ஓட்டை இருந்தால் வேலை அரைகுறை என்பார்கள், குறைந்த நிறத்தைப் போட்டு மூடிவிடுங்கள் என்றார் மேலாளர். அன்றைக்கு ஹிமாயாவின் பரிசளிப்பு விழா. இரண்டு மணிக்குள் நான் பாடசாலையில் இருக்க வேண்டும். எதிர்த்துப் பேசினால் நேரம் போகும் என்று பதினொரு பிரிவையும் மஞ்சளாக்கிவிட்டுப் போனேன். கடைசி வரிசையில் உட்கார்ந்து கைதட்டினேன். அன்று அது மனதில் வரவேயில்லை.

வெள்ளை என்றால் தெரியாது. மஞ்சள் என்றால் பயமில்லை. தெரியாததைப் பயமில்லை என்று எழுதிவிட்டேன். உனக்குச் சராசரி என்று சொன்னது அதைவிட மோசம். எண்ணாத இடத்துக்குச் சராசரி ஏது? நீ என்னை நம்பி அந்தப் போஸ்டரைச் சுருட்டிக்கொண்டு வந்தாய்.

திருத்திய படம் இதோடு இருக்கிறது. பதினொரு பிரிவும் வெள்ளை. இதையே உங்கள் தவிசாளருக்கும் என் கையொப்பத்தோடு பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். மேலாளரிடமும் சொல்லிவிட்டேன். அவர் என்னை வேலையிலிருந்து நிறுத்தவில்லை, என்னோடு பேசுவதைத்தான் நிறுத்திவிட்டார். சபையில் உன் போஸ்டரையும் வை. அந்தப் பிரிவுக்கு இருக்கிற ஒரே உண்மையான படம் அதுதான். என் பெயரைச் சொல், மறைக்காதே.

எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த லயத்துக்குப் போய், ஆபத்துக் குறைவு என்று சொன்னது பிழை என்று சொல். பெருமழை வந்தால் அங்கே ஒருவரும் இருக்கக் கூடாது.

மன்னிப்புக் கேட்கிற இடத்தில் நான் இல்லை. பதில் மட்டும் போடு.

மர்லியா

◆

கேகாலை.
2025 டிசம்பர் 4

சுஜி,

இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. என் மேல் கோபம், எழுத மாட்டாய் என்று நினைத்து நானும் சும்மா இருந்தேன். இப்போது அப்படி இருக்க முடியவில்லை.

இந்த மழை எங்களையும் விடவில்லை. மூன்று நாள் பள்ளிவாசல் மண்டபத்தில் இருந்தோம். வீடு தப்பியது. எத்தனை தடவை போன் எடுத்தாலும் உன் பக்கம் மணி அடிக்கவே இல்லை. நேற்று வந்த பத்திரிகையில் இறந்தவர்களின் கணக்கை மாவட்ட வாரியாகப் போட்டிருந்தார்கள். கிதுல்பொத்த, ஒருவர் என்று இருக்கிறது. பெயர் இல்லை.

நீ என்னோடு பேச வேண்டாம். யார் அந்த ஒருவர் என்று மட்டும் ஒரு துண்டில் எழுதி அனுப்பு. நீ இல்லையென்று தெரிய வேண்டும். வேறொருவர் என்றால் அதுவும் தெரிய வேண்டும்.

மர்லியா

◆

கிதுல்பொத்த பாடசாலை,
2026 ஜனவரி 18

மர்லியா,

பாலசுப்பிரமணியம் அண்ணன்.

உன் ஒக்டோபர் கடிதம் எனக்குக் கிடைத்தது. உனக்கு எழுத உட்கார்ந்தால் திட்டத்தான் வந்தது, அதனால் எழுதவில்லை. ஆனால் நீ சொன்னதைச் செய்தேன். ஐந்தாம் நம்பர் லயத்துக்குப் போய் எல்லாரையும் கூப்பிட்டு, மஞ்சள் என்று நான் சொன்னது பிழை, இங்கே யாரும் எண்ணவே இல்லை, வெடிப்பு பெரிதாகிறது, மழை கூடினால் கீழே பாடசாலைக்கு இறங்கிவிட வேண்டும் என்று சொன்னேன். உன் படத்தையும் காட்டினேன். சபையில் வைத்தபோது அடுத்த வருடத்தில் திரும்ப அளப்போம் என்று முடித்தார்கள்.

பாலசுப்பிரமணியம் அண்ணன் மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்தார். "போன மாசம் பயமில்லன்னீங்க. இந்த மாசம் பயம்ங்கிறீங்க. ஒரு மாசத்துல மல மாறிடுமா, சுஜிம்மா?" என்று கேட்டார். மலை மாறவில்லை, எங்களுக்குத்தான் தெரியாமல் இருந்தது என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். கேட்டுக்கொண்டார் என்றுதான் நினைத்தேன்.

மழை பிடித்த இரண்டாம் நாள் காலையில் பீலியில் தண்ணீர் நின்றுவிட்டது. அத்தனை மழையில் பீலி காய்ந்தால் என்ன அர்த்தம் என்று மலையில் வேலை செய்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒவ்வொரு கதவாகத் தட்டினோம். பத்து மணிக்குள் இருபத்தேழு குடும்பமும் பாடசாலையில். பெயர் சொல்லி எண்ணினேன், அவரும் இருந்தார். மத்தியானம் மழை கொஞ்சம் விட்டது. அக்காவிடம் ஆடுகளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு மேலே போயிருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை. மூன்று மணிக்கு மலை இறங்கியது. சத்தம் வந்த பக்கம் திரும்பிப் பார்த்தபோது லயம் இருந்த இடத்தில் மண் மட்டும்தான் இருந்தது. நான்காம் நாள்தான் அவரை எடுத்தோம்.

உன் கடிதம் வந்திராவிட்டால் நூறு பேருக்கு மேல் அங்கே இருந்திருப்போம். அது உண்மை. உன் படம் முதலிலேயே வெள்ளையாக இருந்திருந்தால் அவர் என்னை நம்பி இருப்பார், திரும்பிப் போயிருக்க மாட்டார். அதுவும் உண்மை. இந்த இரண்டையும் வைத்து உன்னை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. என்னையும்தான். பயமில்லை என்று அவருக்கு வாயால் சொன்னது நான்.

எட்டாம் நாள் காரியம் முடிந்த பிறகு பஞ்சவர்ணம் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், உன் பெயரோடு. அக்கா முழுவதையும் கேட்டார். பிறகு, "அந்தப் புள்ள இந்த எடத்த பாத்திருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "பாக்காமலே எழுதிருச்சா" என்றார். அவ்வளவுதான். நீ வாசிக்க வேண்டும் என்று அதை அப்படியே எழுதியிருக்கிறேன்.

போன புதன்கிழமை சபை கூடியது. பதினொரு பிரிவையும் வீடு வீடாக அளப்பது, தோட்ட அனுமதியைச் சபையே வாங்கித் தருவது என்று முடிவாகியிருக்கிறது. படம் போடத் தெரிந்த ஒருவர் கூடவே நடக்க வேண்டும். உன் பெயரைச் சொன்னேன். செய்த பிழையைக் கையொப்பம் போட்டு ஒத்துக்கொண்ட வேறு ஒருவரைத் தெரிந்தால் சொல்லுங்கள், அவரையே எடுப்போம் என்றேன். உன் பெயரை எழுதிக்கொண்டார்கள். சபைக் கடிதம் உனக்கு வரும். வர முடியாது என்றால் அதையும் சபைக்கே எழுது, எனக்கு எழுத வேண்டாம்.

வந்தால், என் வீட்டில் தங்கு என்று இப்போது சொல்ல மாட்டேன். நாங்களே பாடசாலையில் ஒரு வகுப்பறையில்தான் இருக்கிறோம். இடம் இருந்தாலும் சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை. நடந்தது பற்றி என்னிடம் மன்னிப்புக் கேட்காதே. அக்காவிடம் போய் நிற்க வேண்டும், அது உன் பாடு. நான் கூட வருவேன், இடையில் பேச மாட்டேன்.

பிப்ரவரி இரண்டாம் திகதி திங்கட்கிழமை தொடங்குகிறோம். காலை பஸ் தொழிற்சாலை மேட்டோடு நின்றுவிடும், அதற்கு மேல் பாதை இல்லை. அட்டை கடிக்கும், காலுக்கு நீளமான மேசு போட்டுக்கொண்டு வா. கீழ்ப்பிரிவிலிருந்து ஆரம்பித்து நடந்தால் மத்தியானத்துக்குள் முப்பது வீடு பார்க்கலாம்.

பஸ் வருகிற இடத்தில் நிற்பேன்.

சுஜீதா